என் பேரில் ஓடும் வண்டி

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் இன்றைக்கும் டிரைவிங் பாடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைத் தொட்டுவிட்டார். பெரிதாக ஒன்றுமில்லை, பம்பரில் ஏற்கெனவே இருக்கிற கோடுகளோடு இன்னொரு கோடு. இறங்கிப் போய்க் கம்பத்தைத் தடவிப் பார்த்தார். "வலிக்குதான்னு கேக்கறீங்களா டாக்டர்?" என்றேன். "பழக்கதோஷம் டீச்சர்," என்றார். ஊரில் பாதிப் பேருடைய பல்லைப் பிடுங்கியவர், பின்னால் பார்த்து வண்டி ஓட்டச் சொன்னால் அவருக்கே பல் கிட்டிப் போகிறது.

சிரித்து முடிக்கவில்லை, அண்ணனிடமிருந்து போன். பாடம் நடக்கும்போது நான் எடுப்பதில்லை. விடாமல் அடித்ததால் ஓரம் கட்டச் சொல்லி எடுத்தேன்.

"வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"எந்த வண்டியை?"

"எந்த வண்டியைன்னா? நம்ம வண்டியைத்தான்."

நம்ம வண்டி. இத்தனை நாளும் அது 'என் வண்டி'யாகத்தான் இருந்தது அவன் வாயில். தூக்கிக்கொண்டு போனதும் நம்முடையதாகிவிட்டது.

பாங்கில் அவன் பேருக்குக் கடன் கிடைக்கவில்லை என்றுதான் என் பேரில் வாங்கினான். உன் கையெழுத்து மட்டும் போதும், தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பிரெட் ஃபேக்டரியிலிருந்து கடை கடையாக ரொட்டி போடுகிற வேலை, வண்டி இல்லாமல் முடியாது. சாவி ஒரு நாளும் என் கைக்கு வந்ததில்லை. கடன், பதிவு, இன்சூரன்ஸ், நம்பர் பிளேட் எல்லாம் என் பேரில். வண்டி மட்டும் அவன் வாசலில்.

"எவ்வளவு நாளா தவணை கட்டலை?"

"அதை இப்பக் கேட்டு என்ன ஆகப் போகுது? போன வண்டி போச்சு, விடு."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எதுவுமே காதில் விழாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்.

மார்ச் 5, புதன்

இவரிடம் சொன்னேன். கண்ணாடிக் கடையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, கைகளில் லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள். "அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலிருக்க அவர் படுகிற பாடு முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"மச்சான் என்ன சொல்றாரு?" என்று மட்டும் கேட்டார்.

"விடுன்னு சொல்றான்."

"அவருக்கென்ன, விடலாம். அவர் பேர்ல ஒண்ணுமே இல்லையே."

மார்ச் 7, வெள்ளி

இல்லாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ்? நிறுத்திவிடலாம் என்று ஏஜென்டைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் 'ஈஸி' என்று தொடங்குவார், எங்கள் வீட்டில் அவருக்குப் பேரே ஈஸிதான்.

"நிறுத்தறது ஈஸி மேடம். நம்பர் பிளேட்டை லைசென்ஸ் ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டீங்களா?"

"பிளேட் வண்டியோட போயிடுச்சு."

"வண்டிதான் மேடம் பாங்கோடது. பிளேட் உங்களோடது. இந்த ஊர்ல அது வண்டிக்கில்ல, ஆளுக்குக் குடுக்கறது. அதைத் திருப்பிக் குடுத்து ரசீது வாங்கிட்டு வாங்க, அப்புறம் நிறுத்திடலாம்."

"ரசீது இல்லாம நிறுத்தினா?"

"அப்படிப் பண்ணிடாதீங்க! பிளேட் வெளியில இருக்கறப்ப இன்சூரன்ஸ் இல்லைன்னா உங்க லைசென்ஸைத் தானாவே முடக்கிடுவாங்க."

"வண்டியே என்கிட்ட இல்லைங்க."

"கம்ப்யூட்டருக்கு வண்டி தெரியாது மேடம். பிளேட்தான் தெரியும்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பயிற்சி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். லைசென்ஸ் போனால் எனக்கு வேறென்ன தெரியும்? மற்றவர்கள் லைசென்ஸ் வாங்கத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். லைசென்ஸ் இல்லாத டிரைவிங் டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்?

மார்ச் 11, செவ்வாய்

பாங்கில் கேட்டால், தூக்கி வந்த வண்டிகளை நிறுத்துகிற யார்டில் கேளுங்கள் என்றார்கள். இன்றைக்கு யார்டுக்கே போய்விட்டேன்.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். கம்பி வேலிக்குள் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள். எல்லாம் யார் யாரிடமிருந்தோ தூக்கி வந்தவை. ஒன்றில் பின் சீட்டில் குழந்தையின் ஒற்றை ஷூ. இன்னொன்றில் பிரிக்காத துணிக்கடைப் பை. காலையில் எழுந்து ஆபீசுக்குக் கிளம்ப நினைத்தவர்களுடைய வண்டிகள்.

தகரக் கூண்டில் இருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "அது ஏலத்துக்குப் போயாச்சே."

"நம்பர் பிளேட்?"

"அதை நாங்க வச்சுக்கறதில்லைம்மா. சாமான் எடுக்க வர்றவங்ககிட்டயே கழட்டிக் குடுத்துடுவோம். உங்க வீட்டுலேர்ந்து வந்தாங்களே ஒருத்தர். குடை, ஷூ, ரொட்டி ட்ரே எல்லாம் எடுத்துட்டுப் போனாரு."

வெளியே வந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சாமான் மட்டும்தான் குடுத்தாங்க. பிளேட்டெல்லாம் நான் பாக்கவே இல்ல," என்றான். "அந்த ஆளு எங்கயாவது போட்டிருப்பான். இல்லைன்னா வித்திருப்பான். நீ ஏன் இதுக்கெல்லாம் அலையறே? இன்சூரன்ஸ் அது பாட்டுக்குப் போகட்டும். பெரிய தொகையா என்ன?"

பெரிய தொகைதான். ஆனால் அதைவிட, இன்சூரன்ஸைப் பற்றி நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே. அவனுக்கு அது எப்படி ஞாபகம் வந்தது?

மார்ச் 13, வியாழன்

லைசென்ஸ் ஆபீசுக்குப் போன். நீளமான பாட்டு. பாட்டு முடிந்ததும் தொடர்பு துண்டிப்பு. பிளேட் தொலைந்துவிட்டால் போலீசில் எழுதிக் கொடுத்து அந்த நகலைக் கொண்டு வர வேண்டும் என்று வேறொருவர் மூலம் தெரிந்தது. தொலைந்துவிட்டதா? தெரியாமல் எப்படி எழுதிக் கொடுப்பது?

மார்ச் 17, திங்கள்

போனில் ஒரு குறுஞ்செய்தி. பாலத்தைக் கடந்ததற்குச் சுங்கம், என் பேருக்கு, என் நம்பருக்கு. நேற்றுக் காலை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் பாலத்துப் பக்கமே போகவில்லை. ஏலத்தில் எடுத்தவன் அதே பிளேட்டோடு ஓட்டுகிறானா? அப்படியானால் யார்டுக்காரர் பொய் சொன்னாரா? அந்த ஆளைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரித் தெரியவில்லை. அண்ணனும் பொய் சொல்ல மாட்டான்.

மாட்டானா?

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி பாலம்.

மார்ச் 20, வியாழன்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளேட் திருட்டுப் போய்விட்டதென்று எழுதிக் கொடுத்தால் எல்லாம் ஈஸி என்று ஈஸி சொல்லியிருந்தார். இவரும் கூட வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு புகார்தானே.

மேஜையில் இருந்தவர் இளவயது. பொறுமையாகக் கேட்டார். கம்ப்யூட்டரில் என்னவோ தட்டி, "பாலத்து கேமராவுல விழுந்திருக்கு, பாருங்க, இதுதானே உங்க பிளேட்?" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

பிளேட் என்னுடையதுதான். வண்டி வேறு. சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டை வண்டி, முன் பக்கம் ஒரு விளக்கு நசுங்கியிருந்தது. டிரைவர் முகம் சரியாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே முழங்கை. பின்னால் ஜன்னல் வரை அடுக்கிய ரொட்டி ட்ரே.

அந்த முழங்கையை நான் இருட்டிலும் கண்டுபிடிப்பேன். எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், கையை உள்ளே வை அண்ணா, எவனாவது உரசிட்டுப் போயிடுவான் என்று.

"யாருன்னு தெரியுதாங்க?"

"தெரியலை," என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. வேறு யாரோ என் வாயைக் கொண்டு சொன்ன மாதிரி.

"அப்ப திருட்டுன்னே எழுதிடலாமா? எழுதினா நாளைக்கே பாலத்துல நிறுத்திப் பிடிச்சிடுவோம்."

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

அவர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எழுதிக் கொடுத்தால் அண்ணன் கையில் விலங்கு. கொடுக்காவிட்டால் பிளேட் ஓடிக்கொண்டே இருக்கும். இன்சூரன்ஸை நிறுத்தினால் என் லைசென்ஸ் போகும். நிறுத்தாவிட்டால் அவன் ஓட்டுவதற்கு நானே வழி விட்டுக் கொடுக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் முட்டுச்சந்து. ரிவர்ஸ் எடுக்கவும் இடமில்லை.

மார்ச் 22, சனி

போனேன்.

சாம்பல் வண்டி வாசலிலேயே நின்றது. ஒளித்து வைக்கக்கூட இல்லை. அண்ணி உள்ளே போய்விட்டாள், நான் வந்ததும் எப்போதும் தோளைத் தொட்டு உட்கார வைப்பாள், இன்றைக்கு அதுவும் இல்லை. அவளுக்குத் தெரியும்.

"பிளேட்டைப் பாக்கவே இல்லைன்னியே."

"கத்தாதே. தெரு பூராக் கேக்குது."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கலை."

பழைய இரும்பு விலைக்கு வாங்கியிருக்கிறான். அதைப் பதிவு செய்ய முடியாதாம், சோதனையில் தேறாதாம். வேலையை விட முடியாது. பிளேட் கையில் இருந்தது. "உன் இன்சூரன்ஸ் நடப்புல இருக்கு. கேமராவுல எல்லாம் சரியாத்தான் காட்டும். நீ நிறுத்தாத வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல."

"இடிச்சா?"

"நான் எப்படி இடிச்சிருக்கேன்?"

"அண்ணா, அந்த இன்சூரன்ஸ் இந்த வண்டிக்கு இல்ல. ரோட்டுல ஒரு குழந்தை குறுக்க வந்தா அதுக்கு ஒரு பைசா குடுக்க மாட்டாங்க. உன்னைத் தேட மாட்டாங்க, என்னைத் தேடுவாங்க."

"ஒரு ஆறு மாசம் பொறுடி. கொஞ்சம் தலை தூக்கிட்டேன்னா நானே கொண்டு வந்து குடுத்துடறேன்."

"என்னால முடியாது."

அப்போதுதான் சொன்னான். எப்போதாவது சொல்வான் என்று எனக்கு எங்கேயோ தெரிந்திருந்தது.

"உனக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். பொண்ணு எதுக்கு வண்டி ஓட்டணும்னு அம்மா சொன்னா. நான்தான் வேலை வேனைத் திருட்டுத்தனமா மைதானத்துக்குக் கொண்டு வந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உனக்குச் சொல்லிக் குடுத்தேன். மாட்டியிருந்தா என் வேலை போயிருக்கும். ஒரு நாள் உன்கிட்ட அதைச் சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"இப்பச் சொல்லிக் காட்டறே."

நான் எதுவும் செய்யாமல் வந்துவிட்டேன். என்ன செய்திருக்க முடியும் — அவன் முன்னால் முட்டி போட்டுத் திருகாணியைக் கழட்டுவதா? இப்போது எழுதும்போது, ஆமாம், அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று படுகிறது. அங்கே கை வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இவரோடு வாக்குவாதம். "நாளைக்கு உன்னைத்தான் உள்ளே வைப்பாங்க," என்றார். "என் அண்ணனை நானே பிடிச்சுக் குடுக்கணுமா?" என்றேன். "நான் அப்படிச் சொல்லலை," என்றார். "பின்னே எப்படிச் சொல்றீங்க?" எங்கள் பாப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

பாலம்.

மார்ச் 26, புதன்

பாலம். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போனைப் பார்க்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

இன்றைக்குப் பாலம் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? எங்கேயாவது இடித்துவிட்டானோ என்று பாடம் முழுக்க அதே நினைப்பு. புதிதாகச் சேர்ந்த பெண் சிவப்பு விளக்கில் போகப் பார்த்தாள், என் கால் பிரேக்கில் ஒரு நொடி தாமதமாகத்தான் போனது. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

மாலையில் அவனைப் போனில் கேட்டதும் தெரிந்தது. அவன் வேறு வழியாகப் போயிருக்கிறான். சுங்கத்தை மிச்சம் பிடிக்கிறானாம், எனக்காக.

ஏப்ரல் 2, புதன்

முதலாளியம்மா அறைக்குக் கூப்பிட்டார். டிரைவிங் ஸ்கூலை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். கோபமாகக் கத்தினால் பரவாயில்லை, அவர் மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"உன் பேர்ல ஒண்ணு வந்திருக்கு. பள்ளிக்கூடத்து முன்னாடி பிள்ளைங்க விடற நேரத்துல வேகமாப் போனதா. டீச்சருங்க விஷயம்னா எனக்கும் ஒரு நகல் அனுப்பிடறாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அந்த நேரம் நீ என் வண்டியில டாக்டரோட இருந்தே. நான் பாத்தேன், கம்பத்தைச் சுத்திக்கிட்டு இருந்தீங்க. அப்ப அந்த வண்டியில போனது யாரு?"

நகலை எடுத்துப் பார்த்தேன். என் நம்பர்தான்.

"நான் உன்னை வேலையை விட்டுத் தூக்கப் போறதில்லை. ஆனா அடுத்த வாரத்துக்குள்ள நீ ஆபீஸ்ல போய் விளக்கம் சொல்லணும். நீதான்னு ஒத்துக்கிட்டா டீச்சர் பெர்மிட் போயிடும். பள்ளிக்கூடத்து முன்னாடி பறக்கறவகிட்ட யாரு பிள்ளையை விடுவா?" கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "யாரையோ மறைக்கறே. அது யாருன்னு நான் கேக்கலை."

பிள்ளைகள் விடுகிற நேரம். இடிக்கவில்லை. இந்தத் தடவை இடிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். இவர் வாசல் வரை வந்தார். "நான் வரட்டுமா?" வேண்டாம் என்றேன். இது எனக்கும் அவனுக்கும்.

மதியம். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான், ரொட்டி வேலைக்காரர்களுக்கு அதுதான் தூங்கும் நேரம். அண்ணி வாசலில் ட்ரேக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், குழாயை மூடினாள்.

வண்டியின் பின்னால் போய்க் குந்தினேன். முதல் திருகாணி வந்துவிட்டது. இரண்டாவது அசையவில்லை. துருப்பிடித்துக் கிடந்தது. எவ்வளவு அழுத்தினாலும் ஸ்க்ரூடிரைவர்தான் வழுக்கியது. உள்ளங்கை கிழிந்தது. நான் அழுகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது, மூக்கு ஒழுகியதும்தான் தெரிந்தது.

அண்ணி உள்ளே போனாள். எழுப்பத்தான் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

எண்ணெய்ப் புட்டியும் ஒரு ஸ்பேனரும் கொண்டு வந்தாள்.

"தள்ளு," என்றாள். திருகாணியில் எண்ணெயை விட்டாள். "கொஞ்சம் ஊறட்டும்." இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

"தினமும் இது திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கறேன்டி," என்றாள். "அவர்கிட்டச் சொன்னா சிரிக்கறாரு. பள்ளிக்கூடத்துக்கிட்ட அன்னிக்கு என்னமோ ஆகப் பாத்துதாம். ஒரு பையன் குறுக்க ஓடினானாம். வந்து சாப்பிடவே இல்ல. மறுநாள் திரும்பவும் எடுத்துட்டுப் போனாரு."

பின் பிளேட்டை நான் கழட்டினேன். முன் பிளேட்டை அவள் கழட்டினாள். எழுந்து பார்த்தால் அண்ணன் கதவில் சாய்ந்து நிற்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியாது. தடுக்கவில்லை.

"எடுத்துட்டுப் போ," என்றான். "நாளைக்கு ரொட்டியை யாரு போடுவா?"

பிளேட்டுகளைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மடியில் வைத்திருந்தேன். தகடு இவ்வளவு லேசாகவா இருக்கும்?

ஏப்ரல் 7, திங்கள்

லைசென்ஸ் ஆபீஸ். பிளாஸ்டிக் நாற்காலி, எண் கூப்பிடும் இயந்திரம், சுவர் முழுக்க என்னென்ன செய்யக்கூடாது என்ற அறிவிப்புகள். கவுண்டரில் இருந்த அம்மாள் பிளேட்டுகளைத் திருப்பிப் பார்த்து, எண்ணை ஒத்துப் பார்த்து, ஒரு பெரிய பெட்டியில் போட்டார். தடால் என்று சத்தம். அதற்குள் யார் யாருடைய எண்களோ. ரசீது வந்தது. அவ்வளவுதான். இதற்குத்தான் இவ்வளவும்.

"இன்னொண்ணு இருக்கு உங்க பேர்ல," என்றார் திரையைப் பார்த்தபடி. "பள்ளிக்கூட வேகம். ஓட்டினது நீங்களா?"

"இல்லைங்க."

"யாரு?"

பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். அந்த அம்மாளுக்கு அவசரமில்லை, கை விசைப்பலகையில் தயாராக இருந்தது. பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், தெரியாது என்று சொல்லலாம், நானே என்று சொல்லலாம். அந்த நேரத்தில் மனதில் வந்தது அண்ணனே இல்லை. குறுக்கே ஓடிய அந்தப் பையன். நான் பார்த்தே இராத பையன்.

"என் அண்ணன்," என்றேன். பேரையும் சொன்னேன்.

அவர் தட்டினார். எவ்வளவு சாதாரணமான சத்தம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்று ஆபீஸிலிருந்து வந்ததும் அண்ணனிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். "சரி," என்று வைத்துவிட்டான். அம்மாவுக்கு அவன் சொன்னானோ யார் சொன்னார்களோ, இன்றைக்கு அம்மாவிடமிருந்து போன்.

"கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டியே. உனக்கு எப்படி மனசு வந்துது?"

"அம்மா, பிள்ளைங்க விடற நேரத்துல—"

"யாருக்காவது ஏதாவது ஆச்சா? ஆகலையே! ஆகாத ஒண்ணுக்காக அவன் பொழைப்பைக் கெடுத்துட்டே."

ஆகவில்லைதான். ஆகும் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள். இவர் டீ போட்டுக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, என் உள்ளங்கைக் காயத்தின் கட்டை மாற்றினார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஈஸி கூப்பிட்டார். இன்சூரன்ஸ் நின்றுவிட்டது, மீதிக் காலத்துக்குக் கொஞ்சம் திரும்பி வரும். "ஈஸியா முடிஞ்சுது பாத்தீங்களா மேடம்!"

வந்த ஆத்திரத்தில் சிரித்துவிட்டேன்.

பாங்க் விடுவதாக இல்லை. ஏலத்தில் போனது போக மீதிக் கடன் என் தலையில்தான். வண்டி போனாலும் கடன் போகாது என்று பாங்க் ஆள் கூச்சமே இல்லாமல் சொன்னான். மாதாமாதம் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாப்பா ஹைஸ்கூல் முடிக்கும்போதுதான் இதுவும் முடியும்.

அண்ணனுடைய லைசென்ஸை முடக்கிவிட்டார்களாம். எத்தனை மாதத்துக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் வண்டியை வந்த விலைக்கே இரும்புக்குப் போட்டுவிட்டானாம். அண்ணி சொன்னாள். அண்ணன் பேசுவதில்லை.

முதலாளியம்மா, ஆபீஸில் ரத்து செய்யாமல் விட்ட என் டீச்சர் பெர்மிட்டை நீட்டினார். "வேலையைப் பாரு," என்றார்.

ஏப்ரல் 26, சனி

டாக்டர் தேறிவிட்டார்! நான்காவது முயற்சி. ரிவர்ஸில் கம்பத்தை எட்ட விட்டு நிறுத்தினார். இறங்கி ஓடி வந்து, "இனிமே என்னை யாரு டீச்சர் திட்டுவாங்க?" என்றார். கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்ச நாளாக எனக்கு வலிக்கிறது, வந்து காட்டச் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், பிரேக் போடும்போதெல்லாம் நீங்கள் கன்னத்தைப் பிடிக்கிறீர்கள் என்றார். நான்தான் அவரைக் கவனிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல நாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது, இந்த மாதிரிக் கதைகளுக்கு விழுந்து விழுந்து சிரிப்பான். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

அண்ணன் ஃபேக்டரிக்குள்ளேயே அடுப்புப் பக்கம் வேலைக்குப் போகிறானாம். சம்பளம் குறைவு. பஸ்ஸில் போய் வருகிறான். வழியில் அவனைப் பார்த்த ஒருவர் இவரிடம் சொன்னது. "மெலிஞ்சுட்டாராம்," என்றார். "ஆனா பகல்லதான் வேலையாம், ராத்திரி நல்லாத் தூங்கறாராம்." அது அந்த ஆள் சொன்னதா, இவரே சேர்த்துக்கொண்டதா என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கும் போன் மணி அடித்தால் சுங்கச் செய்தியா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பாலம் இல்லை என்று தெரிந்தும்.

மே 20, செவ்வாய்

பதிவேட்டில் புதுப் பெயர். முதலாளியம்மா விரலை வைத்துக் காட்டினார். "உன்கிட்டதான் கத்துக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. உறவா?"

அண்ணி.

ரொட்டி போடுகிற வேலையை அவள் பேரில் கேட்டிருக்கிறாளாம். லைசென்ஸ் இருந்தால் ஃபேக்டரி வேனையே கொடுப்பார்களாம். பதிவும் இன்சூரன்ஸும் அவர்கள் பொறுப்பு. நான் இதை எதிர்பார்க்கவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அண்ணிக்குக் கை உறுதி. டாக்டரைப் போல இல்லை. பயம் இருக்கிறது, ஆனால் அதைக் காலில் வைத்துக்கொள்கிறாள், கைக்கு வரவிடுவதில்லை. இத்தனை பாடத்திலும் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கண்ணாடி, கிளட்ச், வேகம். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

இன்றைக்கு மாலைப் பாடம். ஃபேக்டரி சாலையில் வந்துகொண்டிருந்தோம். பஸ் நிறுத்தத்தில் வேலை விட்ட கூட்டம். கடைசியில் அண்ணன் தனியாக நின்றிருந்தான். இவர் சொன்னது சரிதான், மெலிந்திருக்கிறான். சட்டை தோளில் தொங்குகிறது. அடுப்பு வெக்கையில் முகம் கறுத்திருக்கிறது.

அண்ணி கண்ணாடியைப் பார்த்தாள். நான் சொல்லாமலே இண்டிகேட்டரைப் போட்டாள். ஓரமாகக் கொண்டு போய், அலுங்காமல் நிறுத்தினாள்.

பயிற்சி வண்டியில் வேறு ஆளை ஏற்றக்கூடாது. முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன். அவனும் குனிந்து உள்ளே பார்த்தான், என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். பின்னாலிருந்து பஸ் ஹார்ன் அடித்தது.

பின் கதவின் பூட்டை விடுவித்தேன்.

ஏறி உட்கார்ந்தான். வண்டி பூரா சுட்ட ரொட்டி வாசனை. அண்ணி கிளப்பவில்லை, என் பக்கம் பார்த்துக் காத்திருந்தாள்.

"பெல்ட்டைப் போடு," என்றேன், முன்னால் பார்த்துக்கொண்டே.

பின் சீட்டில் கொஞ்ச நேரம் தடவும் சத்தம். அப்புறம் கிளிக் என்று கேட்டது.